பகிடிவதை: முதல் வாரங்களின் காவல்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பகிடிவதையை (ராகிங்) நடத்துவது முரட்டு மாணவர் ஒருவரோ இருவரோ அல்லர்; பெரும்பாலும் ஒரு முழு ‘பட்ச்’, அதாவது ஒரே வருடத்தில் சேர்ந்த மாணவர் அணி. புதுமுக மாணவர் விடுதியில் பெட்டியை வைத்த நாளிலேயே அது தொடங்கிவிடும். என்ன நிறச் சட்டை, எந்த வகைச் செருப்பு, எந்த வழியால் விரிவுரை மண்டபத்துக்குப் போவது, சிற்றுண்டிச்சாலையில் எந்த மேசை என்பதையெல்லாம் இரண்டாம் வருடத்தார் விதிப்பார்கள். பட்டப்பெயர் ஒன்று சூட்டப்படும். சொந்தப் பெயரைச் சொன்னால் ஏச்சு விழும். இரவில் விடுதி அறைக்கோ, வெளியில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கோ அழைப்பு வரும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து ஒரு விருந்து வைத்து, எல்லாம் முடிந்தது என்பார்கள். மறு வருடம், நேற்று அழுதவரே அடுத்த பட்சின் முன் நின்று அதட்டுவார்.

இந்த ஏற்பாடு ஏன் இத்தனை காலம் நிலைக்கிறது என்பது வாகரை போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால் விளங்கும். மட்டக்களப்பு மாவட்டத்தில், கோறளைப்பற்று வடக்கின் இக்கரையோரக் கிராமங்கள் 2004இல் சுனாமியையும், அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் போரையும் இடப்பெயர்வையும் கண்டவை. கடற்றொழிலும் பயிர்ச்செய்கையும் நம்பிய வீடுகளில், பல்கலைக்கழகம் போகும் பிள்ளை பலவேளை அக்குடும்பத்தின் முதலாவது பட்டதாரியாகப் போகிறவர். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலை, வாகரை வழியே போகும் அதே திருகோணமலை வீதியில்தான் உள்ளது. ஆனால் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி அவரைப் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒலுவிலுக்கும்கூட அனுப்பும். போன இடத்தில் அறை தேடுவது, மகாபொல உதவித்தொகை விண்ணப்பம் நிரப்புவது, பழைய வினாத்தாள் வாங்குவது எல்லாவற்றுக்கும் சீனியர் அண்ணாமாரையும் அக்காமாரையும் விட்டால் வேறு ஆளில்லை. உதவியும் வதையும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

பணியாதவருக்கு அடி விழுவதைவிட ஒதுக்கல்தான் பெரிய தண்டனை. நோட்ஸ் கிடைக்காது; விளையாட்டு அணியிலும் சங்கங்களின் விழாக்களிலும் இடமிருக்காது; சொந்த பட்ச்காரரே பேசப் பயப்படுவார்கள். அதனால் மாணவர் ஒன்றியமும் கலாசார மன்றங்களும் தாம் இதில் சம்பந்தப்படவில்லை என்று சொல்லி ஒதுங்க முடியாது. அவற்றின் கதவைத் திறக்கும் சாவியாகவே பகிடிவதை பயன்படுகிறது.

இதனால் போன உயிர்கள் உண்டு. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட முதலாம் வருட மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ், சீனியர்கள் செய்வித்த கடும் உடற்பயிற்சியின் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதே வருடம் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்திலும் ஒரு மாணவர் அவ்வாறே இறந்தார். தோப்புக்கரணமும் தண்டாலும் ஆளைக் கொல்லுமா என்று கேட்பவர்கள் உண்டு. கொல்லும். பழக்கமில்லாத உடலை அளவுமீறி வருத்தும்போது தசைநார்கள் சிதைந்து, மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துச் சேதப்படுத்துகிறது. வெயிலும் தாகமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். தசை வீங்கி நோவதும், சிறுநீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் போவதும் இதன் அடையாளங்கள். வெட்கப்பட்டு அறையில் படுத்துக் கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

இந்த மரணங்களுக்குப் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒரு மாணவருக்கோ ஊழியருக்கோ உடற்காயத்தை மட்டுமன்றி உளப்பாதிப்பையும் அச்சத்தையும் ஏற்படுத்தும் செயலையும் அது பகிடிவதை என்கிறது. வளாகத்துக்கு வெளியே, வாடகை வீட்டில் நடந்தாலும் குற்றமே. பங்கெடுத்தவருக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை; பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ நேர்ந்தால் பத்து வருடம் வரை. தமிழ்நாட்டிலும் இப்படித்தான்: 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகே 1997இல் அங்கு சட்டம் பிறந்தது.

சட்டம் கடுமையானது, ஆனால் அதன் வாசல்வரை வருபவர் குறைவு. முறைப்பாடு செய்தவர் அடுத்த நாள் காலையில் அதே விடுதியில்தான் எழும்ப வேண்டும், இன்னும் மூன்று நான்கு வருடம் அதே முகங்களோடு படிக்க வேண்டும். எதிர்த்து நின்றவருக்கு நேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். 2002இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதையை எதிர்த்த மாணவர் சமந்த விதானகே தாக்கப்பட்டு இறந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 2020இல் ஒரு விருந்தின்போது, மாடிப்படியில் உருட்டிவிடப்பட்ட டயர் மோதிப் புதுமுக மாணவர் ஒருவர் தலையில் படுகாயமடைந்தார். இடையில் பதினெட்டு வருடம். சட்டம் அந்தக் காலம் முழுவதும் நடைமுறையில்தான் இருந்தது.

ஆகவே தண்டனை பற்றிய அறிவிப்புப் பலகையைவிட முதல் வாரங்களின் ஒழுங்குதான் முக்கியம். புதுமுக மாணவருக்குத் தனி விடுதி வேண்டும். இரவில் அங்கே பல்கலைக்கழகக் காவலர்களான மார்ஷல்மாரும் விடுதிப் பொறுப்பாளரும் உண்மையில் சுற்றிவர வேண்டும். வாடகை வீடுகளின் விபரமும் நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். அறை, நோட்ஸ், மகாபொல, ஆங்கில வகுப்பு ஆகியவற்றைப் பீடமே கையில் எடுத்தால் சீனியரின் பிடி தானாகத் தளரும். மாணவர் சங்கங்களைப் பொறுத்தவரை, புதியவரை வரவேற்கும் நிகழ்வு பகலில், விரிவுரையாளர் முன்னிலையில் நடக்க வேண்டும். அதை மீறிய சங்கத்துக்கு நிதியும் மண்டபமும் கிடைக்கக்கூடாது. ஏனெனில் வகுப்புத்தடை தனி ஆளுக்கு மட்டும் விழுந்தால், பட்ச் அவரைத் தியாகியாக்கிவிடுகிறது.

வெளிநாடுகளின் அனுபவமும் இங்கே உதவும். இந்தியாவில் 2009 முதல் மாணவரும் பெற்றோரும் அனுமதியின்போதே பகிடிவதையில் ஈடுபடுவதில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஓர் இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு. காகித உறுதிமொழிக்குப் பெரிய மதிப்பில்லை என்றாலும், பெற்றோர் இந்த விடயத்தைக் கேள்விப்படவாவது அது வழி செய்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2017இல் பகிடிவதையில் ஒரு மாணவர் படுகாயத்தோடு பல மணி நேரம் கிடந்தும் உடனிருந்தோர் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அவர் இறந்த பின் வந்த சட்டம், உதவி கேட்டு அழைப்பவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய பாடம் இதுவே. அறையில் பதினைந்து பேர் நின்றால் அடிப்பவர் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு வெளியேற ஒரு வழி விட வேண்டும்.

ஊரிலிருந்தும் செய்யக்கூடியது உண்டு. உயர்தரப் பெறுபேறு வந்ததற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் பல மாதம் கிடைக்கும். வாகரையிலிருந்து ஏற்கெனவே போனவர்களைப் பாடசாலையோ கோயிலோ நூலகமோ ஒரு நாள் அழைத்துப் புதியவரோடு பேசவைத்தால், அங்கு போய் இறங்கும்போது தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும். பீடாதிபதி, மாணவ ஆலோசகர் ஆகியோரினதும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தினதும் எண்களைப் பிள்ளையின் தொலைபேசியில் மட்டுமல்லாமல் வீட்டிலும் எழுதிவைக்க வேண்டும். பகிடிவதைக்காரர் முதலில் பறிப்பது பலவேளை தொலைபேசியைத்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் இணையவழியாகவும் முறையிடலாம். வார இறுதியில் அழைத்தால் ஒரு சொல்லில் பதில் சொல்வது, காரணமின்றி வீட்டுக்கு வந்து திரும்பிப் போக மறுப்பது, மயிரை ஒட்ட வெட்டியிருப்பது, முழங்கால் நோவு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ‘எல்லாருக்கும் நடக்கிறதுதான், கொஞ்ச நாள் பொறு தம்பி’ என்று அனுப்பிவிடாமல், யார், எங்கே, எப்போது என்று கேட்டுத் திகதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். விசாரணையில் எடுபடுவது அந்தக் குறிப்புத்தான்.