மஞ்சளின் நிறமியும் உடற்பருமன் அழற்சியும்

மஞ்சள் கிழங்குக்கு நிறம் தரும் வேதிப்பொருள் குர்க்குமின். மஞ்சள்பொடியின் எடையில் இது ஏறத்தாழ 3 விழுக்காடு இருக்கும். சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவது இந்த நிறமிதான். ஆரத்தித் தட்டில் நாம் காண்பது அந்த வேதிவினையே.

உடற்பருமனால் வரும் அழற்சி, முள் தைத்த இடம் சிவந்து வீங்குவது போன்றதன்று. வலியோ காய்ச்சலோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருப்பது. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப் ஆல்பா என்னும் அழற்சிப் புரதம் மிகுந்திருப்பதை ஹோத்தமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர் 1993இல் காட்டினர். அத்திசுவில் மாக்ரோபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் குவிவதை 2003இல் வெளிவந்த ஆய்வுகள் கண்டறிந்தன. இவை சுரக்கும் புரதங்கள் இன்சுலினின் வேலையை மழுங்கடிக்கின்றன. தொப்பை உள்ளவர்களைச் சர்க்கரை நோய் எளிதில் பற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழற்சிப் புரதங்களுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுவது என்.எஃப் கப்பா பி என்னும் புரதக் கூட்டு. குர்க்குமின் அதைத் தடுப்பது ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் பலமுறை காட்டப்பட்டுள்ளது. மனிதரிடம் செய்த சோதனைகளிலோ முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் அழற்சி ஓரளவு குறைந்தது, சிலவற்றில் மாற்றமே இல்லை.

குர்க்குமின் நீரில் கரைவது அரிது. குடல் அதைச் சொற்பமாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் கல்லீரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மிளகிலுள்ள பைப்பரின் இந்த வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தும். 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில், 2 கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 20 மடங்கானது. இதைக் கேட்டுவிட்டு, மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்டால் போதும் என்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 கிராம் குர்க்குமின் கிடைக்க 60 கிராமுக்கு மேல் மஞ்சள்பொடி வேண்டும். குழம்பில் போடும் அரைத் தேக்கரண்டிப் பொடியில் இருப்பது சுமார் 45 மில்லிகிராம். அதையும் வீட்டில் நாலு பேர் பங்கிட்டுக்கொள்கிறோம்!

இந்த இடைவெளியை நிரப்பவே குர்க்குமின் மாத்திரைகள் கடைகளுக்கு வந்தன. உறிஞ்சும் தன்மை கூட்டப்பட்ட இத்தகைய மாத்திரைகளை உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளது. மாத்திரையை நிறுத்தியதும் பெரும்பாலோர் குணமடைந்தனர். பித்தப்பைக் கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை உண்ணக் கூடாது. சமையலுக்குப் போடும் மஞ்சளுக்கு இந்தத் தடை இல்லை.