கும்மி: கையொலி அளந்த பா

சித்திரைப் பௌர்ணமி இரவில் வல்வெட்டித்துறை ஒளி வெள்ளத்தில் மிதக்கும். முத்துமாரியம்மன் ஆலயத் தீர்த்தத் திருவிழாவையொட்டி ஊரார் எடுக்கும் இந்திர விழா அது. அம்மன் வழிபாட்டோடு ஆடலும் பாடலும் பிணைந்திருப்பது வடமராட்சி மரபு. மாரியம்மனுக்கு நேர்த்தியாக ஆடப்பெறும் காத்தவராயன் கூத்தினைச் சிந்துநடைக் கூத்து என்றும் வழங்குவர். சிந்து பாட்டைக் குறிக்கும். நடை காலைக் குறிக்கும். பெயரிலேயே இரண்டும் இணைந்துவிட்டன.

இவ்விணைப்பை மிகத் தெளிவாகக் காட்டுவது கும்மி. வட்டமாக நின்று கைகொட்டி ஆடும் ஆட்டத்துக்கும் கும்மி என்றே பெயர். அதற்குரிய பாட்டுக்கும் அதுவே பெயர். அப்பாட்டின் யாப்புக்கும் அதுவே பெயர். அதன் அமைப்பு யாது? எடுத்துக்காட்டாக ஓர் அடியை இவ்வாறு கட்டலாம்:

வெள்ளி நிலாவில் விரிகடல் ஓரத்தில்
வீசிக் கரங்கொட்டும் தோழியரே

முற்பாதியில் நான்கு சீர், பிற்பாதியில் மூன்று சீர், ஆக ஏழு. தாளமோ எட்டு. ஒவ்வொரு சீரும் ‘தகிட’ என்னும் மூன்று எண்ணிக்கையில் நடக்கும். எட்டாவது சீரின் இடத்தில் சொல் இல்லை. இறுதி ஒலியின் நீட்டமும் கையொலியுமே அதனை நிரப்புகின்றன. சொல் ஓயுமிடத்தில் ஆட்டம் பேசுகின்றது. சிந்துப் பாடல்களின் யாப்பை ஆராய்ந்த அறிஞர் இரா. திருமுருகன், இத்தகைய பாக்களைத் தாளத்தோடு சேர்த்தே அளக்கவேண்டும் என்பதை நிறுவினார்.

கடல் கடந்த ஸ்பெயின் நாட்டிலும் இதற்கோர் உறவு உண்டு. ‘செகிதியா’ என்பது அங்கே ஆடலுக்கும் இசைக்கும் பாவுக்கும் பொதுப்பெயர். ஏழு அசை, ஐந்து அசை என மாறிமாறி வரும் நான்கடிப் பா அது. தாளம் மூன்றெண்ணிக்கை. கித்தார் ஒலிக்க, ஆடுவோர் விரல்களில் சிறு மரக்கட்டைகள் கலகலக்கும். பாட்டின் ஒரு பகுதி முடிந்ததும் ஆடுவோர் சட்டென்று சிலைபோல நின்றுவிடுவர். அந்நிற்றலும் ஆட்டத்தின் உறுப்பே. இதன் வழிவந்த ‘செவில்யானா’ ஆட்டத்தை, 1847இல் தொடங்கிய செவில் நகரத்து வசந்த விழாவில் முதியோரும் இளையோரும் இன்றும் ஆடுகின்றனர். ஆடுவோர் உள்ளமையால் அதன் பாவும் வாழ்கின்றது.

கும்மியின் நிலையோ கவலைக்குரியது. பாரதியார் பெண் விடுதலையைப் பாடக் கும்மியைத் தேர்ந்தார்; ஊர்ப் பெண்களின் கைகள் அறிந்த தாளம் அது. இன்றோ பல மாணவர் கும்மியை ஏட்டில் மட்டுமே காண்கின்றனர். ஏழு சீரையும் விரைந்து வாசித்து அடுத்த அடிக்குத் தாவுகின்றனர். எட்டாவது சீர் காணாமற் போகின்றது. எந்த அச்சகமும் அதனை அச்சிட இயலாது.

போரினால் வடமராட்சி மக்கள் பல நாடுகளுக்குச் சிதறினர். சென்றவிடமெங்கும் நூல்களைக் கொண்டுசெல்லலாம், ஒலிப்பதிவையும் கொண்டுசெல்லலாம். ஆயினும் சிறுமியர் சிலர் வட்டமாக நின்று கைகொட்டினாலன்றி அந்த எட்டாவது சீர் பிறப்பதில்லை. அதற்கு மேடையும் வேண்டா, பொருளும் வேண்டா. ஒரு முற்றமும், பாட்டைத் தொடங்கி வைக்கும் ஒரு மூத்த குரலும் போதும்.