அகலப் படலையும் அதன் தூண்களும்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய எமது குடும்பங்களிற் பல, இருபது இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் காணிக்குத் திரும்பியபோது கிளுவைக் கதியால் நின்ற இடமெல்லாம் பற்றைக் காடாகியிருந்தது. வீட்டைப் பற்றிப் பேசிய அளவுக்கு வேலியைப் பற்றி எவரும் பேசவில்லை. ஆனால் தோட்டத்தை நம்பி வாழ்பவருக்கு வேலியும் படலையும் இல்லாத வீடு எதற்கு? நாலு கட்டாக்காலி மாடுகள் ஒரே இரவில் பயிற்றங்கொடியைத் தின்று, வெங்காயப் பாத்தியையும் மிதித்துவிட்டுப் போய்விடும்.

தூணுக்குக் குழி தோண்டுமுன் இரண்டு காரியங்கள். எல்லையை நில அளவையாளரைக் கொண்டு உறுதிப்படுத்துங்கள். கதியால் ஓரங்குலம் தள்ளியதற்காக நீதிமன்றம் ஏறியவர்கள் நாம்! மற்றது, கண்ணிவெடி அகற்றிய காணியானாலும் சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாதீர்கள். அலவாங்கை வைத்துவிட்டுக் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

முன்னர் மாட்டுவண்டி போகும் அகலம் போதும். இன்று உழவு இயந்திரம் பெட்டியுடன் ஒடுங்கிய ஒழுங்கையிலிருந்து திரும்பி உள்ளே வரவேண்டும். ஆகவே பத்தடி, இயன்றால் பன்னிரண்டடி விடுங்கள். ஆனால் அதை ஒரே படலையாகச் செய்ய வேண்டாம். பத்தடியை இரண்டு ஐந்தடிப் படலைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் பாரமும் பாதியாகும். அந்தப் பாரம் தூணிலிருந்து விலகி நிற்கும் தூரமும் பாதியாகும். ஆகையால் ஒரு தூணைச் சரிக்கும் விசை காற்பங்காகக் குறைந்துவிடும்.

படலைக்குப் பனஞ்சிலாகையிற் சட்டம் அடித்து, கருக்குச் சீவிய பனைமட்டைகளை இரு வரிச்சுகளுக்கிடையே இறுக்கிக் கம்பியாற் கட்டுங்கள். மட்டைகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விட்டால் மாரிக் காற்று படலையை முறிக்காது. சட்டம் தொங்காதிருக்கக் குறுக்குச் சிலாகை ஒன்று வேண்டும். அது தூண்பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்து மேல்மூலைக்குப் போகவேண்டும். பலர் மாறி அடித்துவிடுகிறார்கள். கம்பியால் இழுத்துக் கட்டுவதாயின் மட்டும் தூண்பக்கத்து மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கீழ்மூலைக்கு.

தொல்லை பெரும்பாலும் தூணிலேதான். எட்டடித் தூணில் மூன்றடி மண்ணுக்குள் இருக்கவேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணிலோ ஒன்றரை அடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும் இடங்கள் உண்டு. அங்கு கல்லைக் குடைந்து கொங்கிறீற்று இடுவதைத் தவிர வழியில்லை. வடமராட்சி கிழக்கு மணலில் ஆழம் மட்டும் போதாது. தூணின் அடியில் குறுக்குக் கட்டைகள் அறைந்து புதையுங்கள். பழைய சங்கடப்படலைகளில் வழிப்போக்கருக்கு நிழல் தந்த அந்தச் சிறு கூரையின் வளை, இரு தூண்களும் உட்சரியாமலும் காத்தது. வைக்கோல் ஏற்றிய பெட்டி போகும் வாசலில் மேலே வளை வைக்க முடியாது. அதற்குப் பதிலாக நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தூணுக்குத் தூண் ஒரு கொங்கிறீற்றுத் துண்டைப் புதைக்கலாம்.

தூணுக்குப் பனைவைரம் நல்லது. பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். யுத்தகாலத்திற் பதுங்குகுழிகளுக்காக நாம் இழந்த பனைகள் கொஞ்சமல்ல. கறையானுக்கெனக் கழிவு ஒயில் பூசுவதை நாம் விரும்பவில்லை. எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாடு போதாதா? அடிப்பாகத்தை நெருப்பில் வாட்டிக் கருக்கி, கொங்கிறீற்றின் மேல்முகத்தைச் சரிவாக முடித்தால் மழைநீர் தூணடியில் தேங்காது.

கொங்கிறீற்று இட்ட மறுநாளே படலையைக் கொழுவ வேண்டாம். ஒரு வாரமாவது நனைத்து விடுங்கள். அதுவரை வாசலை அலம்பலால் அடைத்துக்கொள்ளலாம்.