உங்களுக்குத் தெரியுமா? தசையின் சக்திச் சேமிப்பு

தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தி லாக்டிக் அமிலம் உண்டாகும் நிகழ்ச்சியிலிருந்தே நேராகக் கிடைக்கிறது என்று, 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் ஆகிய மேதைகளின் ஆராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டு விஞ்ஞான உலகம் நம்பியிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், ஹார்வர்ட் சர்வகலாசாலையில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டே கணிக்கும் சூட்சுமமான முறையொன்றை 1925-இல் வகுத்தார்.

அம்முறையைத் தசைச் சாற்றில் பிரயோகித்தபோது நிறம் உடனே நிறைந்து தோன்றாமல் மெல்ல மெல்ல ஏறியது. வேறு எவரும் கருவியின் குறை என்று தள்ளியிருக்கக்கூடிய அத்தாமதத்துக்கு விடாமுயற்சியுடன் காரணம் தேடிய அவ்விருவரும், எளிதில் சிதையும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் தசையில் இருப்பதையும், உழைப்பின்போது அது குறைந்து ஓய்வில் மீண்டும் நிரம்புவதையும் 1927-இல் வெளியிட்டார்கள். என் அபிப்பிராயத்தில், இவ்வளவு பொறுமையான கவனம் பரிசுகளுக்கும் மேலான பெருமைக்குரியது.

1930-இல் டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கோர், லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி ரசாயன விஷம் ஊட்டப்பட்ட தசைகளும் சிறிது நேரம் சுருங்குகின்றன என்றும், அப்போது செலவாவது இந்தப் பாஸ்போகிரியேட்டினே என்றும் நிரூபித்தார்.