நாவலின் முகப்போவியம்: புத்தளக் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

நாவல் பற்றிய எமது ஆய்வுகள் கதைப்பொருள், பாத்திர வார்ப்பு, மொழிநடை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. ஆயினும், வாசகர் நூலிலே முதன்முதலாகக் காணும் முகப்போவியத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது அரிது. அதனை அச்சகத்தாரின் அலுவலென்றோ தனிமனித இரசனையென்றோ ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில், ஆசிரியர் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதும், நூல் சந்தையிலே எவ்வாறு இயங்குகிறது என்பதும் ஒருங்கே வெளிப்படும் இடம் முகப்பேயாகும். புத்தளம் மாவட்டக் கரையோர வாழ்வை எழுத முனையும் நாவலாசிரியரை மனத்திற்கொண்டு, முகப்பைத் தெரிவதும் சோதிப்பதும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

ஏட்டுச் சுவடிக்கு முகப்போவியம் தேவைப்படவில்லை. இரு மரச்சட்டங்கள் ஓலைகளைக் காத்தன. அது இன்ன நூல் என்பதைப் படிப்போர் முன்னரே அறிந்திருந்தனர். அச்சு பரவிய தொடக்க காலத்திலும் நூற்பெயர், ஆசிரியர் பெயர், அச்சகத்தின் பெயர் ஆகியன தலைப்புப் பக்கத்திலே அமைந்தாற் பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலெனப் பலராலும் கொள்ளப்படும் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. நாவலோடு ஆசிரியர் அறியாத வாசகர் கூட்டமொன்று உருவாயிற்று. நூல் கடைத்தட்டிலே ஏனைய பண்டங்களோடு போட்டியிட வேண்டிய நிலை தோன்றியபோது முகப்பு இன்றியமையாததாயிற்று. 1935இல் இங்கிலாந்திலே பெங்குவின் நிறுவனம் புனைகதைக்குச் செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என நிறம் வகுத்தது. 1970களில் வீரகேசரி நிறுவனம் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ முதலியவற்றை வெளியிட்டபோது ஈழத்து நாவலும் விரிந்த சந்தையொன்றினுள் நுழைந்தது.

சந்தைக்கு முகப்புத் தேவையென்பதால் ஆசிரியர் அதனை முற்றாகக் கைவிட்டுவிட வேண்டுமென்பதில்லை. 1915இல் ‘உருமாற்றம்’ நூலுருப் பெறவிருந்தபோது, அப்பூச்சியை மட்டும் வரைந்துவிட வேண்டாமென ஃபிரான்ஸ் காஃப்கா பதிப்பகத்தாருக்குக் கடிதம் எழுதினார். வெளிவந்த முகப்பில் பூச்சி இடம்பெறவில்லை. இருண்ட அறையின் திறந்த கதவும், முகத்தைக் கைகளாற் பொத்தி விலகும் மனிதனுமே காணப்பட்டனர். எதைக் காட்டக்கூடாதென்று தெளிந்திருப்பதும் தெரிவின் ஒரு பகுதியென்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

எமது சூழலில் ஆசிரியரே பெரும்பாலும் வெளியீட்டாளருமாவார். கைப்பணத்தைச் செலவிட்டு, சில நூறு பிரதிகளை அச்சிட்டு, வெளியீட்டு விழாவிலும் நண்பர் வழியாகவும் விற்று முதலை மீட்க அவர் முயல்கிறார். புளொக் செய்து அச்சிட்ட காலத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனிப் புளொக்கும் தனி அச்சோட்டமும் தேவைப்பட்டன. எனவே இரு நிறங்களுக்குள் ஓவியர் தம் கற்பனையைச் சுருக்கிக்கொண்டார். கணினி வந்தபின் இத்தடை நீங்கியது. ஆனால் எங்கோ எடுக்கப்பட்ட ஆயத்தப் படங்கள் எளிதிற் கிடைப்பதால் வேறொரு இடர் தோன்றியுள்ளது. மாலைச் சூரியன், சாய்ந்த தென்னை, தனித்த தோணி ஆகிய மூன்றும் எந்தக் கடலுக்கும் பொருந்தும்; ஆதலால் எந்தக் கடலையும் அவை சுட்டுவதில்லை.

உடப்பின் கரைவலைத் தொழிலை ஒருவர் நாவலாக்குகிறார் எனக் கொள்வோம். கரைவலை தனிமனிதன் செய்யும் தொழிலன்று. தோணி வலையை வளைத்து விட்டபின், இரு கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுக்கின்றனர். அம்பாப் பாடல் அவர்களது உழைப்பை ஒருங்கிணைத்தது. மடி கரையேறியதும் வலையுடையவருக்கும் இழுத்தவருக்கும் இடையே பங்கு பிரிகிறது. நாவலின் முரண்பாடு அப்பங்கிலேதான் இருக்கும். முகப்பிலே தனித்த மீனவனொருவன் வானத்தை நோக்கி நிற்பானாயின், உற்பத்தி உறவு மறைந்து இயற்கை வருணனை மட்டும் எஞ்சும். அண்மைக் காலத்திலே இலங்கையின் பல கரைகளில் உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் வலையிழுக்கும் வேலையைச் செய்யத் தொடங்கியுள்ளது. இக்காலக் கதைக்குப் பழைய அணிவகுப்பை வரைவதும் ஆராயாத செயலே.

இதனினும் நுட்பமான சிக்கல் வேறொன்றுண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சமடைந்தனர். மன்னார்ப் பகுதியினர் பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவ்வாழ்வைக் கூறும் நாவலுக்கு மூட்டை சுமந்த பெண்ணும் கிடுகுக் குடிசையும் உடனடியாக நினைவுக்கு வரும் படங்களாகும். அவை பொய்யல்ல. ஆயினும் மூன்று தசாப்தங்களுக்கு மேலாக அங்கே உழைத்து, வீடமைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த மக்களை என்றென்றும் அகதிகளாகவே அவை நிறுத்திவிடக்கூடும். இரக்கத்தைத் தூண்டி விற்பனையைப் பெருக்கும் ஓவியம், தான் காட்டும் மனிதரின் வரலாற்றை ஒரு நாளோடு முடித்துவிடுகிறது.

ஆகவே முகப்பினை இரு வகையாகச் சோதித்தல் வேண்டுமென்பது எமது கருத்தாகும். முதலாவது, பண்டமென்ற வகையிலான சோதனை. ஓவியரிடம் இரண்டு மூன்று மாதிரிகளைப் பெற்று, ஏனைய நூல்களுக்கிடையே வைத்து, நான்கடி தள்ளி நின்று பெயர் தெரிகிறதா என்று பார்க்கலாம். கறுப்பு வெள்ளையிலும், கைத்தொலைபேசித் திரையளவிலும் அது தெளிவாயிருக்கிறதா என்று நோக்கலாம். நாவலைப் படிக்காதவரிடம் இது எத்தகைய கதையென வினவலாம். ‘நன்றாயிருக்கிறதா?’ என்ற வினா பயன்படாது. நண்பர்கள் ஆமென்றே கூறுவர்.

இரண்டாவது, சாட்சியமென்ற வகையிலான சோதனை. கையெழுத்துப் பிரதியைப் படித்தவரிடமும், கதைக்குரிய தொழிலைச் செய்வோரிடமும், கதைக்குரிய துயரை அனுபவித்தோரிடமும் மாதிரிகளைக் காட்ட வேண்டும். கயிற்றைப் பிடித்திருக்கும் கை பிழையென மீனவரொருவர் கூறின், அது வெறும் நுணுக்கப் பிழையன்று. ஆசிரியர் அக்கரையை எவ்வளவு தொலைவில் நின்று கண்டார் என்பதற்கு அது சான்றாகும். இவ்விரு சோதனைகளும் முரண்படும்போது, வண்ணத்தையும் எழுத்தின் அளவையும் சந்தைக்கு விட்டுக்கொடுக்கலாம். ஆனால் படத்திலுள்ள மனிதர் யார், அவர் என்ன செய்கிறார் என்பதை விட்டுக்கொடுத்தலாகாது.

நாவலை வாங்குவோர் சிலரே. அதன் முகப்பைக் காண்போர் பலர். படிக்க வாய்ப்பில்லாத உழைப்பாளிக்கு எமது நாவலிலே எட்டும் ஒரே பக்கம் முகப்பாகவும் இருக்கலாம். அந்தப் பக்கத்திலாவது அவர் தம்மை அடையாளம் கண்டுகொள்ளுதல் வேண்டும்.