கழற்றி மாட்டும் முன்கண்ணாடி

கடலூர் வெள்ளிக் கடற்கரையில் காற்றடித்தால் மணல் கண்ணில் விழுவது எங்களுக்குப் புதிதல்ல. மணலில் ஓடும் திறந்த பக்கி வண்டிக்கு முன்கண்ணாடி வேண்டியது அதனால்தான். ஆனால் சேறு அப்பிவிட்டால் அதுவே ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும். உடனே கழற்ற முடியவேண்டும். 1941-இல் வந்த வில்லிஸ் ஜீப்பில் அதை முன்மூடியின்மேல் மடக்கி வைத்தார்கள்.

பக்கிக்குப் பாலிகார்பனேட் தகடே ஏற்றது. கண்ணாடிபோல் உடைந்து சிதறாது. ரப்பர் வைத்த கிளாம்புகளால் அதைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்துவார்கள். வெயிலில் தகடு விரியுமாதலால் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். விங் நட் போட்டால் கையாலேயே கழற்றலாம். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்து உப்புக்காற்றில் இரும்பு நட்டு துருவேறி இறுகிவிடும். நம் வீட்டுத் தட்டுகளைப்போல் எவர்சில்வரே நல்லது!

மணலை முதலில் தண்ணீரால் கழுவவேண்டும். காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். பெட்ரோல் பட்டால் வெடிப்பு விழலாம். தகட்டைக் கழற்றியபின் காப்புக்கண்ணாடி அணியாமல் ஓட்டக்கூடாது.