பரணில் போட்ட சாமான் பேசாது. செல்போனில் ஒளித்த ஆப் பேசும்!

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பரண் இல்லாத கோலி அபூர்வம். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் ஐந்து பேர், ஆறு பேர் குடியிருக்கும்போது வேறு வழி ஏது? உடைந்த மிக்சி, எரியாத ஸ்டவ், ஊருக்குப் போகும்போது மட்டும் கீழே இறங்கும் சூட்கேஸ், பிள்ளைகளின் போன வருடப் புத்தகங்கள் எல்லாம் பரண் ஏறிவிடும். கண்ணில் படாத சாமானால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இன்று அதே கோலிக்குள் இன்னொரு பரணும் வந்துவிட்டது. அதுதான் செல்போன். எப்போதோ ஏற்றிய ஆப்கள் அதில் குவிந்து கிடக்கின்றன. ஒரு முறை சாப்பாடு வரவழைக்க ஒன்று. தீபாவளி தள்ளுபடிக்கு ஒன்று. பையன் விளையாட நாலு. அவசரத்துக்குக் கடன் கேட்டுப் பார்த்தது இரண்டு. அவற்றை ஒரு மூலையில் தள்ளி மறைத்துவிட்டால் போன் சுத்தமாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள்.

இங்கேதான் வித்தியாசம். பரணில் போட்ட சாமான் பேசாது. போனில் ஒளித்து வைத்த ஆப் பேசும்! அனுமதி கொடுத்திருந்தால் நாம் இருக்கும் இடத்தையும், நம்மிடம் உள்ள நம்பர்களையும் அது எங்கோ உள்ள கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கக் கூடும்.

"ஒளிச்சு வெச்சாச்சு அண்ணாச்சி, இனிமே அதனால என்ன வந்துடப் போகுது?" என்று தோல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார். ரயில்வேக்காரன் என்ற முறையில் அவருக்குச் சொன்ன பதிலை வாசகர்களுக்கும் சொல்கிறேன்: பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால் பெட்டி வண்டியை விட்டு இறங்கிவிடாது. அதுவும் நம்மோடுதான் பயணம் செய்கிறது.

ஐந்து வேலை, ஐந்து பலன்

போனைச் சுத்தம் செய்வது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதில் ஐந்து தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, அடுக்குவது. ஓர் ஆப்பை விரலால் அழுத்திப் பிடித்து இன்னொன்றின் மேல் கொண்டு வைத்தால் இரண்டும் ஒரு ஃபோல்டருக்குள் போய்விடும். பேங்க் ஆப்கள் ஒன்றாக, ரயில் ஆப்கள் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். தேடும் நேரம் மிச்சம். அவ்வளவுதான் பலன்.

இரண்டாவது, மறைப்பது. பல கம்பெனி போன்களில் ஆப்பை மறைக்கவும், பூட்டு போடவும் செட்டிங்ஸிலேயே வசதி உண்டு. இதனால் போனை வாங்கிப் பார்க்கும் மனிதரின் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஆப் அப்படியேதான் இருக்கும். கொடுத்த அனுமதியும் இருக்கும்.

மூன்றாவது, முடக்குவது. போன் வாங்கும்போதே உள்ளே இருக்கும் சில ஆப்களை நீக்க முடியாது. அவற்றில் பலவற்றை செட்டிங்ஸில் 'டிஸேபிள்' செய்யலாம். அதன் பிறகு அவை இயங்காது.

நான்காவது, நீக்குவது. அதாவது 'அன்இன்ஸ்டால்'. இதனால் ஆப் போனை விட்டே போய்விடும்; இடமும் மிச்சமாகும்.

ஐந்தாவதுதான் பெரும்பாலோர் மறந்துவிடுவது: கணக்கை மூடுவது. ஆப்பை நீக்கினாலும் கம்பெனியிடம் நம் பெயர், நம்பர், விலாசம் இருக்கும். மாதச் சந்தா கட்ட ஒப்புக்கொண்டிருந்தால், ஆப் போன பிறகும் பேங்க்கில் பணம் பிடித்தம் ஆகலாம். ஆகவே முதலில் ஆப்பினுள் சென்று கணக்கை மூடிவிட்டு, யு.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோபே' பட்டியலையும் பார்த்து, வேண்டாததை ரத்து செய்த பிறகே ஆப்பை நீக்க வேண்டும்.

கடன் ஆப் கற்றுத் தந்த பாடம்

இதெல்லாம் படித்தவர்களின் வீண் கவலை என்று நினைப்பவர்கள் கடன் ஆப்களின் கதையை எண்ணிப் பார்க்க வேண்டும். 2020, 2021-ஆம் ஆண்டுகளில், ஊரடங்கில் வேலை இழந்த ஏழை எளியவர்கள் பலர் சில ஆயிரம் ரூபாய்க்காக இந்த ஆப்களை ஏற்றினார்கள். ஏற்றும்போதே அது 'கான்டாக்ட்ஸ்' பார்க்க அனுமதி கேட்கும். அவசரத்தில் இருப்பவன் எல்லாவற்றுக்கும் 'அலவ்' என்றுதான் அழுத்துவான். தவணை தவறியதும் மாமனார், மச்சான், முதலாளி என்று போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் மிரட்டல் போயிற்று. அவமானம் தாங்காமல் நாட்டின் பல பகுதிகளில் உயிரை மாய்த்துக் கொண்டவர்களும் உண்டு.

ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஒரு பணிக்குழு அமைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் அதன் அறிக்கை வந்தது. இரண்டு மாத காலத்தில் 80-க்கும் மேற்பட்ட ஆப் ஸ்டோர்களில் இந்தியர்களுக்குக் கிடைத்த கடன் ஆப்கள் சுமார் 1,100 என்றும், அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்றும் அக்குழு கண்டது. பாதிக்கு மேல் கள்ள ஆப்!

2022 செப்டம்பர் 2-ல் ரிசர்வ் வங்கி கண்டிப்பான விதிகளைக் கொண்டு வந்தது. கடன் ஆப்கள் நம் போனில் உள்ள கான்டாக்ட்ஸ், பேசிய விவரம், படங்கள், ஃபைல்கள் ஆகியவற்றைத் தொடக் கூடாது. கே.ஒய்.சி. வேலைக்காக காமிரா, மைக், இருக்குமிடம் ஆகியவற்றை மட்டும், அதுவும் நம் சம்மதத்தோடு, ஒரு முறை உபயோகிக்கலாம். 2025 மே மாதம் வெளியான புதிய உத்தரவிலும் இந்தத் தடை நீடிக்கிறது. முறையான கடன் ஆப்கள் எவை என்ற பட்டியலும் 2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ளது. கடன் வாங்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது.

பழைய கடன் ஆப் போனில் இருந்தால் அதை ஒளித்து வைப்பதில் பயனே இல்லை. நீக்குவதுதான் சரி. ஆனால் மிரட்டல் வந்துகொண்டிருந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். வந்த மெசேஜ், நம்பர், கட்டிய பணத்தின் விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். ஆப்பை நீக்குவதால் அது ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போன நம்பர்கள் திரும்பி வந்துவிடாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒரு போன், ஐந்து பேர்

அப்படியானால் மறைப்பதே வீண் வேலையா என்றால், இல்லை. கம்பெனியின் கண்ணுக்கு அது பயன்படாது. ஆனால் மனிதரின் கண்ணுக்குப் பயன்படும். நம் கோலிகளில் அதுவும் தேவைதான்.

அப்பா டியூட்டிக்குப் போகும்வரை அவர் கையில் இருக்கும் போன், அவர் வந்து படுத்ததும் மகள் படிப்புக்குப் போகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் பேச ஐந்து நிமிடம் வாங்குகிறார். கடைசியில் அது குழந்தையின் கையில் கார்ட்டூன் காட்டுகிறது. இப்படிக் கை மாறும் போனில் ஒருவரின் பேங்க் கணக்கு, இன்னொருவரின் மருத்துவச் சீட்டு, மற்றொருவரின் சொந்தப் பேச்சு எல்லாம் கலந்து கிடக்கின்றன.

நித்யா சாம்பசிவன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் 199 பெண்களிடம் பேசி, 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெண்களின் போன் என்றால் வீட்டார் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம் என்பதே வழக்கமாக இருப்பதை அது காட்டியது. அதற்காக அந்தப் பெண்கள் போனைப் பூட்டுகிறார்கள். சில ஆப்களுக்கு மட்டும் பூட்டு போடுகிறார்கள். சில மெசேஜ்களைக் கொடுக்கும் முன்பே அழித்துவிடுகிறார்கள்.

"அப்படி என்ன மறைக்கிறாய்?" என்று கேட்பது எளிது. ஆனால் நம் வீட்டுப் பழக்கத்தையே பாருங்கள். ஒரே அறையில் குடியிருந்தாலும் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி வைத்திருந்தோம். ஊருக்கு எழுதும்போது குடும்ப விஷயத்தைத் தபால் கார்டில் எழுதவில்லை. இன்லண்ட் லெட்டரில் எழுதி மடித்து ஒட்டினோம். அது திருட்டுத்தனம் அல்ல, மரியாதை. இடம் குறைந்தவனுக்குத்தான் இந்த மரியாதை அதிகம் தேவை.

நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை. பங்களாவில் இருப்பவருக்கு ஒரு சட்டம், கோலியில் இருப்பவருக்கு ஒரு சட்டம் என்று அதில் இல்லை.

கை மாறும் போனுக்கு என்ன வழி?

ஆண்ட்ராய்டு போன்களில் 'ஆப் பின்னிங்' என்று ஒரு வசதி உண்டு. செக்யூரிட்டி செட்டிங்ஸில் தேடினால் கிடைக்கும். கார்ட்டூன் ஆப்பை 'பின்' செய்து கொடுத்தால், பூட்டைத் திறக்கும் நம்பர் தெரியாமல் வேறு எதற்குள்ளும் போக முடியாது. ஐபோனில் இதற்குப் பெயர் 'கைடட் ஆக்சஸ்'.

2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15-ல் 'பிரைவேட் ஸ்பேஸ்' என்ற தனி அறை இருக்கிறது. அதற்குத் தனிப் பூட்டு. பூட்டிவிட்டால் உள்ளே உள்ள ஆப்கள் நின்றுவிடும், அறிவிப்பும் வராது. எனவே அவசரத் தகவல் வர வேண்டிய ஆப்பை அதில் வைக்கக் கூடாது. சாம்சங் போன்களில் 'செக்யூர் ஃபோல்டர்' இருக்கிறது. ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல், ஆப்பை அழுத்திப் பிடித்தால் பூட்டவோ மறைக்கவோ வழி வரும்.

ஒன்றை மட்டும் பலர் கவனிப்பதில்லை. ஆப்பை மறைத்துவிட்டு, பூட்டிய திரையில் மெசேஜ் தெரியும்படி விட்டுவிடுகிறார்கள். ஓ.டி.பி. நம்பரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்! நோட்டிபிகேஷன் செட்டிங்ஸில், பூட்டிய திரையில் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள்.

முதலில் எதை நீக்குவது?

பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு 'மேனேஜ் ஆப்ஸ்' பகுதிக்குப் போனால், குறைவாக உபயோகித்த ஆப்களை வரிசையாகக் காட்டச் சொல்லலாம். மேலே வருபவைதான் நம் பரண் சாமான்கள்.

பழைய போன் வைத்திருப்பவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது. டிக்டாக், ஷேர்இட், யூசி பிரவுசர், கேம்ஸ்கேனர் ஆகியவை அதில் அடங்கும். அப்போது ஏற்றியது இன்னும் போனிலேயே கிடந்தால், அதை வைத்திருப்பதில் லாபம் எதுவும் இல்லை. நீக்கிவிடுங்கள்.

ரயில் பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. ரிசர்வேஷனுக்கு ஒன்று, சாதாரண டிக்கெட்டுக்கு ஒன்று, வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க ஒன்று, புகார் செய்ய ஒன்று என்று தனித்தனியே ஆப் வைத்திருந்தோம். 2025 ஜூலை 1-ல் வந்த 'ரயில்ஒன்' ஆப்பில் இந்த வேலைகள் ஒரே இடத்தில் நடக்கின்றன. கையில் செல்லுபடியாகும் சீசன் டிக்கெட் பழைய ஆப்பில் இருந்தால் மட்டும் அவசரப்பட்டு அதை அழித்துவிடாதீர்கள்.

நீக்க மனமில்லாத ஆப்களுக்கு, செட்டிங்ஸில் 'பெர்மிஷன்ஸ்' பகுதிக்குப் போய், காமிரா, மைக், இருக்குமிடம், கான்டாக்ட்ஸ் ஆகியவற்றில் தேவையில்லாததை நிறுத்துங்கள். டார்ச் ஆப்புக்கு நம் சொந்தக்காரர்களின் நம்பர் எதற்கு? சில மாதங்கள் திறக்காத ஆப்பின் அனுமதியைத் தானே திரும்பப் பெறும் வசதி 2020-ல் ஆண்ட்ராய்டு 11-ல் வந்தது. பின்னர் பல பழைய போன்களுக்கும் அது கொடுக்கப்பட்டது. அந்த ஸ்விட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், நம் விவரங்களை அழிக்கச் சொல்லவும் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வரக் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. சட்டம் வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 'அலவ்' என்று அழுத்திய அதே விரல் 'டோன்ட் அலவ்' என்றும் அழுத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் ஸ்டேஷனில் அரை மணி நேரமாவது நிற்கத்தான் போகிறோம். அந்த நேரத்தில் போனை எடுங்கள். பத்து ஆப்பை நீக்கி, பத்து ஆப்பின் அனுமதியை நிறுத்தினால் போதும். வண்டி வரும் முன்பே வேலை முடிந்துவிடும். ஊரில் இருக்கும் சொந்தபந்தங்களின் நம்பர்கள் நம்மை நம்பி நம் போனில் இருக்கின்றன. அவற்றைக் காப்பதும் நம் பொறுப்பே.